அம்மாவின் நாக்கில் இரும்பு

வாசகியின் கடிதம்:

"அம்மாவுக்கு வயது 61. பெருங்குடலில் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து இப்போது கீமோ நடக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸ், அதோடு 14 நாள் கேப்சைடபின் மாத்திரை. மூன்று சுற்று முடிந்துவிட்டது. எதைக் கொடுத்தாலும் 'இரும்பை நக்குற மாதிரி இருக்கு' என்கிறார். முதல் டிரிப்ஸ் அன்று அவருக்கு உயிரான மீன் வறுவலைச் செய்து டப்பாவில் கொண்டுபோனேன். இப்போது மீன் என்ற பேச்சை எடுத்தாலே குமட்டுகிறது என்கிறார். குளிர்ந்த உணவு நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, மூன்றாவது டிரிப்ஸுக்கு மறுநாள் ஐஸ்கிரீம் கொடுத்தேன். தொண்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வரவில்லை என்று பதறிவிட்டார். அறுவைக்கு முன் 58 கிலோ இருந்தார், இப்போது 53. சொந்தக்காரர்கள் சர்க்கரையை நிறுத்தச் சொல்கிறார்கள். ஒருவர் சத்து மாத்திரை டப்பா ஒன்றை வாங்கிவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் வீட்டில் ருசி தெரிந்தவர் அம்மாதான், எனக்குச் சமையல் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். போன ஞாயிறு தட்டைத் தள்ளிவிட்டு, 'உனக்குச் சமைக்கவே தெரியல' என்றார். நானும் கத்திவிட்டேன். பிறகு இருவரும் அழுதோம். நான் எங்கே தவறு செய்கிறேன்? அம்மாவுக்கு ருசி திரும்புமா?"

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஐஸ்கிரீமை முதலில் பேசிவிடுகிறேன். அடுத்த டிரிப்ஸ் நெருங்கிக்கொண்டிருக்கும், அதனால் அதுதான் அவசரம்.

ஆக்சாலிபிளாட்டின் நரம்புகளைக் குளிருக்குக் கூசவைக்கிற மருந்து. டிரிப்ஸ் ஏறிய சில மணி நேரத்திலேயே கூச்சம் தொடங்கிவிடும். குளிர்ந்த தண்ணீர் ஒரு மடக்கு உள்ளே போனால் தொண்டை இறுகிக்கொண்டதுபோல இருக்கும். ஃபிரிட்ஜ் கதவைத் தொட்டால் விரல் நுனியில் ஊசி குத்தும். அம்மா பதறியது நியாயம். ஆனால் இந்தக் குளிர்க் கூச்சத்தில் மூச்சுக்குழாய் உண்மையில் அடைபடுவதில்லை, அடைபட்டதுபோல நரம்பு உணர்த்துகிறது, அவ்வளவுதான். வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல உறிஞ்சினால் பெரும்பாலும் அடங்கிவிடும். இருந்தாலும் நடந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். டிரிப்ஸை இன்னும் மெதுவாக ஏற்றலாமா என்று அவர் பார்ப்பார். உடம்பில் தடிப்பு, உதடோ முகமோ வீக்கம், இழுப்பு இவற்றில் ஏதாவது சேர்ந்து வந்தால் அது வேறு சங்கதி, மருந்து ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது வெந்நீர் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நீங்கள் படித்த குறிப்பு பொய்யில்லை. குளிர்ந்த உணவில் ஆவி எழாது, மணம் அடங்கியிருக்கும், அதனால் குமட்டல் குறையும். கீமோ எடுக்கும் பலருக்கு அது நல்ல யோசனைதான், ஆக்சாலிபிளாட்டின் எடுப்பவருக்கு மட்டும் ஆகாது. கீமோ என்று ஒரே பேரில் சொல்கிறோமே தவிர, உள்ளே போகும் மருந்துகள் எத்தனையோ. அதனால் உணவுக் குறிப்பு எதைப் படித்தாலும் அது எந்த மருந்து எடுப்பவருக்கு எழுதியது என்று முதலில் பாருங்கள்.

உங்கள் அம்மாவுக்கு டிரிப்ஸ் நாளிலிருந்து ஏழு நாள் எல்லாமே வெதுவெதுப்பாகவோ அறைச் சூட்டிலோ இருக்கட்டும். ஃபிரிட்ஜைத் திறக்கும் வேலையே அவருக்கு வேண்டாம். எட்டாம் நாள் லேசாகக் குளிர்ந்த தண்ணீர் ஒரு மடக்கு கொடுத்துப் பாருங்கள். கூச்சம் இல்லையென்றால் குளிர்ந்த தயிரையும் பழக்கூழையும் திரும்பக் கொண்டுவரலாம். சுற்றுகள் கூடக் கூடச் சிலருக்கு இந்தக் கூச்சம் நீண்டுகொண்டே போகும். அதனால் நாள் கணக்கைவிட அந்த ஒரு மடக்கை நம்புங்கள். விரல் மரப்பு அடுத்த டிரிப்ஸ் வரைக்கும் விடாமல் இருந்தாலோ, பட்டன் போடக் கை தடுமாறினாலோ அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இனி இரும்புக்கு வருகிறேன்.

பல நாள் பத்தியச் சோறு சாப்பிட்டவர்கள் 'நாக்கு செத்துப்போச்சு' என்று சொல்வதுண்டு. கீமோ எடுப்பவருக்கு அது ஏறத்தாழ அப்படியே நடக்கிறது. நாக்கிலுள்ள ஒவ்வொரு சுவை மொட்டிலும் 50 முதல் 100 செல்கள் இருக்கும். அவற்றின் ஆயுள் சுமார் பத்து நாள்தான். பழையவை உதிர உதிரப் புதியவை முளைத்துக்கொண்டே இருக்கும். வேகமாகப் பெருகும் செல்களை அழிப்பதுதான் கீமோவின் வேலை. புற்றுச் செல் எது, சுவைச் செல்லை உருவாக்கும் செல் எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. முடி உதிர்வதும் வாய் புண்ணாவதும் இதே கணக்கில்தான். மூக்கின் உள்ளே மணத்தைப் பிடிக்கும் செல்களும் தப்புவதில்லை. மருந்து எச்சிலில் கலந்து நேரடியாகவே கசப்பதும் உண்டு. "பேரிலேயே பிளாட்டினம் இருக்கிறதே, அதுதான் இரும்பாகத் தெரிகிறதா?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். உலோகமே இல்லாத கீமோ மருந்துகளிலும் இதே புகார் வருகிறது, அதனால் அத்தனை சுலபமாக முடிச்சுப்போட முடியாது.

தமிழில் அறுசுவை என்கிறோம். அறிவியல் ஐந்தைத்தான் சுவை என்று ஒப்புக்கொள்கிறது: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா பேர் வைத்த உமாமி. தக்காளியிலும் காளானிலும் இறைச்சிச் சாற்றிலும் நாக்கில் நின்று ஊறுகிறதே, அது. காரமும் துவர்ப்பும் இந்தப் பட்டியலில் இல்லை. காரம் என்பது எரிச்சல், துவர்ப்பு வாயைச் சுருக்கும் ஓர் உணர்வு. இரண்டும் வேறு நரம்பு வழியாக வருகின்றன. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. சுவை மொட்டுகள் படுத்துவிட்டாலும் காரம் பெரும்பாலும் தெரியும். "உறைப்பு மட்டும்தான் தெரியுது, இன்னும் கொஞ்சம் போடு" என்று நோயாளிகள் கேட்பது இதனால்தான். வாயில் புண் இல்லாமல், வயிற்றுப்போக்கும் இல்லாமல் இருந்தால் கொஞ்சம் கொடுக்கலாம். இரண்டில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

ஆக, உங்கள் சமையலில் குறை இல்லை. அம்மா சொன்னதிலும் பொய் இல்லை. அவருடைய நினைவில் இருக்கும் ருசியும் நாக்கில் வந்து விழும் ருசியும் பொருந்தவில்லை. ஆயுள் முழுக்க நாக்கை நம்பியே உப்பு போட்டவருக்கு, நாக்கு பிசகிவிட்டது என்பதைவிட மகள் உப்பை மாற்றிப் போட்டுவிட்டாள் என்று நம்புவது சுலபம். கைப்பக்குவம் உள்ளவர்களிடம்தான் இந்தக் கோபத்தை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மீனுக்கு என்ன ஆயிற்று என்றால், அது நாக்கின் வேலையே இல்லை, மூளையின் வேலை. ஒன்றைச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் குமட்டல் வந்தால், குமட்டலுக்கு வேறு காரணம் இருந்தாலும், மூளை அந்த உணவின் மேல் பழியைப் போட்டுவிடும். 'இது மருந்தால் வந்தது' என்று அறிவுக்குத் தெரிந்திருந்தும் பலன் இல்லை. அமெரிக்க உளவியலாளர் ஐலீன் பெர்ன்ஸ்டீன் 1978இல் இதைக் கீமோ எடுக்கும் குழந்தைகளிடம் காட்டினார். சிகிச்சைக்குச் சற்று முன் புதுவகை ஐஸ்கிரீம் ஒன்றைச் சாப்பிட்ட குழந்தைகளில் பலர் பின்னர் அதைத் தொடவே மறுத்தார்கள். 1987இல் அவரும் அவருடைய சக ஆய்வாளரும் இதையே திருப்பிப் போட்டார்கள். சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் இடையில், வழக்கத்தில் இல்லாத ருசியுள்ள மிட்டாய் ஒன்றைக் கொடுத்தார்கள். வெறுப்பு மிட்டாயின் மேல் போய் விழுந்தது, சாப்பாடு தப்பியது.

எனக்கு இதில் பிடித்தது அதன் எளிமை. நீங்களும் செய்து பாருங்கள். டிரிப்ஸ் நாளிலும் மறுநாளிலும் அம்மாவுக்குப் பிடித்த எதையும் செய்யாதீர்கள். பிடிக்கவும் செய்யாத, வெறுக்கவும் செய்யாத, சாதுவான உணவு போதும். டிரிப்ஸ் ஏறுவதற்கு முன் அவர் அவ்வளவாகச் சாப்பிட்டிராத ஏதோ ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொள்ளட்டும், பழியை அது சுமக்கட்டும். மீனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வீட்டில் மற்றவர்களுக்காக வறுக்கவும் வேண்டாம், அந்த மணமே போதும். கீமோ முடிந்து சில மாதம் கழித்து, வேறு பக்குவத்தில், சிறு துண்டாகத் தொடங்கிப் பார்க்கலாம்.

உங்கள் கடிதத்தில் நான் பேனாவால் அடிக்கோடு போட்ட இடம் இரும்பும் இல்லை, மீனும் இல்லை. 58 கிலோ 53 ஆனது என்ற வரி அது. எட்டரை சதவீதத்துக்கும் மேல். ஆறு மாதத்துக்குள் ஐந்து சதவீதத்தைத் தாண்டினாலே டயட்டீஷியன்களான நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். புற்றுநோயில் கரைவது கொழுப்பு மட்டுமில்லை, தசையும்தான். தசை குறைந்த உடம்பு கீமோவைத் தாங்குவது கடினம். பக்க விளைவு கூடும், சுற்று தள்ளிப்போகும். இன்னொன்று, அம்மா எடுக்கும் இரண்டு மருந்துகளுக்கும் அளவு உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. எடை இந்த அளவுக்கு மாறியிருப்பது மருத்துவரின் குறிப்பில் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில், அதே தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். தினமும் நிறுக்க வேண்டாம், அது அம்மாவையும் உங்களையும் வதைக்கும்.

தட்டில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு அந்த எடையைப் பாருங்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ருசியை உங்களால் சரிசெய்ய முடியாது, மருந்து ஓய்ந்த பிறகு அது தானே வரும். எடை சரிவதை நிறுத்துவது உங்கள் இருவராலும் ஆகக்கூடிய காரியம்.

எவ்வளவு வேண்டும்? சிகிச்சையில் இருப்பவருக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 25 முதல் 30 கலோரி, புரதம் குறைந்தது 1 கிராம், முடிந்தால் 1.5 கிராம் வரை என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு. 53 கிலோவுக்குச் சுமார் 1,325 முதல் 1,590 கலோரி. எடையைத் திரும்ப ஏற்ற வேண்டியவருக்கு மேல் எல்லையை வைத்துக்கொள்வேன். புரதம் 53 முதல் 80 கிராம். கேட்டால் மலைப்பாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் அப்படியில்லை. இரண்டு முட்டையில் 12 கிராம். இரண்டு டம்ளர் பாலில் 13. ஒரு கிண்ணம் தயிரில் 7. வெந்த கோழி இறைச்சி 100 கிராமில் 25க்குக் குறையாது. ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 10, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. கூட்டினால் 74. ஒரே நாளில் எல்லாம் உள்ளே போகாது என்று எனக்குத் தெரியும். எது போகிறதோ அதைக் கனமாக்குங்கள். பாலில் இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர் கலந்தால் அதே டம்ளரில் இன்னும் 5 கிராம் புரதம் ஏறும். சூப்பில் முட்டையை அடித்து ஊற்றிக் கொதிக்கவிடலாம். சோற்றில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்ந்தால் 120 கலோரி, வாய்க்குத் தெரியாமலே உள்ளே போய்விடும். வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் பாலையும் எண்ணெயையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எல்லோருக்கும் அச்சடித்த ஓர் அட்டவணையைக் கொடுப்பேன். காலை 7 மணிக்கு இது, 10 மணிக்கு இது, மொத்தம் 1,800 கலோரி. ஒரு முறை படுக்கையருகே ஒரு பெரியவரின் மாத்திரைகளைப் பார்த்தேன். என் அட்டவணையைச் சின்னச் சின்னதாய்க் கிழித்து, வேளைக்கொன்றாகப் பொட்டலம் கட்டி வைத்திருந்தார். "தாள் நல்ல கெட்டி, டாக்டரம்மா" என்றார். நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியன். அதைக்கூடத் திருத்தத் தோன்றவில்லை. அவர் வாயில் என்ன ருசிக்கிறது என்று ஒரு தடவைகூட நான் கேட்டிருக்கவில்லை.

இப்போது நான் தாள் எதுவும் கொண்டுபோவதில்லை. ஒரு தட்டில் ஐந்து சின்னக் கோப்பைகள் கொண்டுபோகிறேன். எல்லாம் அறைச் சூட்டில். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர், ஒன்றில் எலுமிச்சைத் தண்ணீர், கடைசியில் இரண்டு கரண்டி தக்காளி சூப். உலோகக் கரண்டி இல்லை, மரக் கரண்டி. ஒவ்வொன்றாக நாக்கில் வைத்து, வாய் கொப்பளித்து, அடுத்தது. சமீபத்தில் ஓர் அம்மா சர்க்கரையை 'திகட்டுது' என்று தள்ளினார். உப்பை இரண்டு தடவை வாங்கிப் பார்த்துவிட்டு 'உப்பு போட்டீங்களா?' என்றார். எலுமிச்சைக்குக் கண்ணை மூடித் திறந்து, 'ம்ம்' என்றார். வெறும் தண்ணீருக்கு முகம் கோணி, 'இதுதான் இருக்கிறதிலேயே மோசம், துருப்பிடிச்ச குழாய்த் தண்ணி' என்றார். அவர் மகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா தண்ணீர் குடிக்காமல் அடம்பிடிக்கிறார் என்று பத்து நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம். தண்ணீரில் ஓர் எலுமிச்சைத் துண்டு, இரண்டு புதினா இலை போட்டோம். அன்று சாயங்காலத்துக்குள் ஒரு லிட்டர் குடித்திருந்தார்.

இதை வீட்டிலேயே செய்யலாம். டிரிப்ஸ் முடிந்து நான்காம் நாள் ஒரு தடவை, மூன்றாம் வாரத்தில் ஒரு தடவை. விடை இரண்டு நாளும் ஒன்றாக இருக்காது. பலருக்கு முதல் வாரம், பத்து நாள் மோசமாக இருந்து, அடுத்த டிரிப்ஸுக்கு முந்தைய வாரத்தில் ருசி கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அந்த வாரத்தில்தான் நிறையச் சாப்பிட வைக்க வேண்டும். மோசமான வாரத்தில் எடையைப் பிடித்து நிறுத்தினாலே பெரிய காரியம்.

இரும்பு தூக்கலாக இருந்தால் புளிப்பு அதை அமுக்கும். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த கோழி, தயிர் கலந்த சோறு. வாய்ப்புண் இருந்தால் புளிப்பு எரியும், அப்போது வேண்டாம். பலருக்கு ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும்தான் முதலில் இரும்பாகத் தெரியும், முட்டையும் தயிரும் பருப்பும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். உப்புக் கரித்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை, இனிப்பு திகட்டினால் ஒரு சிட்டிகை உப்பு அல்லது இரண்டு சொட்டு எலுமிச்சை. எவர்சில்வர் தட்டையும் டம்ளரையும் கொஞ்ச நாள் ஓரம் வைத்துவிட்டுப் பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் மாறுங்கள். தாளிக்கும்போது அம்மா அடுத்த அறையில் இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். பாத்திரத்தின் மூடியை அவர் முன்னால் திறக்காதீர்கள், குப்பென்று எழும் ஆவிதான் பாதி எதிரி. ஒவ்வொரு வேளைக்கு முன்னும் வாய் கொப்பளிக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு வரும்.

கேப்சைடபின் மாத்திரையைச் சாப்பிட்டு முடித்த 30 நிமிடத்துக்குள் போட வேண்டும், காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை. இதை உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வேளையும் மாத்திரைக்காகச் சாப்பிடுவது, ருசிக்காக இல்லை என்று அம்மாவிடமே சொல்லலாம். ருசி எதிர்பார்த்து ஏமாறுவதைவிட, கடமையாக நாலு வாய் போடுவது சிலருக்கு எளிது. புரதத்தைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள், பலருக்குப் பசி கொஞ்சமாவது இருப்பது அப்போதுதான். மற்ற நேரங்களில் சின்னச் சின்னக் கிண்ணமாக நாலு தடவை.

சர்க்கரை விஷயத்தில் சொந்தக்காரர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் கேட்காதீர்கள். புற்றுச் செல் சர்க்கரையை அதிகம் இழுக்கும் என்பது உண்மை. பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவதும் அதனால்தான். அதற்காக நாம் சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. உடம்பு தன் தசையைக் கரைத்தாவது ரத்தத்தில் சர்க்கரையை நிறுத்திவைக்கும். பட்டினி அம்மாவுக்குத்தான். நீரிழிவு இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவுக்குள் நிற்க வேண்டும்.

அந்தச் சத்து மாத்திரை டப்பாவை எடுத்து லேபிளைப் படியுங்கள். ஃபோலிக் அமிலம் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். அது கேப்சைடபினின் வீரியத்தைக் கூட்டிவிடும், வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் கடுமையாகலாம். மருத்துவரிடம் காட்டாமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். ருசி வருவதற்கு ஜிங்க் சாப்பிடச் சொல்லியும் யாராவது வருவார்கள். தலை, கழுத்துக் கதிர்வீச்சு எடுத்த 173 பேரிடம் சோதித்து 2007இல் வெளியிட்டார்கள். ஜிங்க் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் ருசியில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. ரத்தத்தில் குறைவு இருப்பதாகத் தெரிந்தால் மருத்துவரே தருவார்.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். டார்ச் அடித்து அம்மாவின் வாயைப் பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டு இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ருசி கெடுவதற்கு அதுவும் ஒரு காரணம், அதுவும் மருந்துக்குச் சீக்கிரம் அடங்கும் காரணம். எல்லாப் பழியையும் கீமோவின் மேல் போட்டுவிட்டு இதைக் கவனிக்காமல் வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மலச்சிக்கல், வலி, வாய் வறட்சி, ஏதாவது ஆன்டிபயாட்டிக் இவையும் பசியையோ ருசியையோ கெடுக்கும். மெட்ரோனிடசோல் போன்ற மாத்திரையே வாயை இரும்பாக்கும்.

ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்கு வருகிறேன். அம்மாவிடம் போய், 'நாக்குதான் இப்படிப் பண்ணுதாம்மா, நீங்க சொன்னது நிஜம்தான்' என்று சொல்லுங்கள். அவர் சொல்வதை யாராவது ஒருவர் நம்பினால் பாதிச் சூடு தணியும். 'என்ன சாப்பிடறீங்க?' என்று கேட்காதீர்கள், பசியே இல்லாதவருக்கு அது கஷ்டமான கேள்வி. 'முட்டையா, தயிரா?' என்று கேளுங்கள். பெரிய தட்டில் வைத்தால் பார்த்ததுமே சோர்ந்துவிடுவார், சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று வாயைப் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் கழித்து எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஒன்றும் பேசாமல் எடுத்துப் போங்கள். மிஞ்சியதை இரண்டு மணி நேரம் கழித்து வேறு உருவில் கொடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாளாவது பரிமாறுவது வேறு யாராவதாக இருக்கட்டும்.

இவ்வளவும் செய்து அடுத்த இரண்டு வாரத்தில் எடை இன்னும் இறங்கினால், காத்திருக்க வேண்டாம். மருத்துவமனைகளில் எழுதித் தரும் 200 மில்லி சத்துப் பானங்கள் உண்டு, ஒரு பாட்டிலில் 300 கலோரி, 12 கிராம் புரதம், சிலவற்றில் அதற்கும் மேல். பசியைத் தூண்டும் மருந்துகளும் இருக்கின்றன. குமட்டலுக்குக் கொடுக்கும் ஓலன்சபின் மிகக் குறைந்த அளவில் பசியையும் எடையையும் கூட்டியதாக 2023இல் ஓர் ஆய்வு வந்தது. அம்மாவுக்கு அது பொருந்துமா என்று அவருடைய மருத்துவர்தான் சொல்ல முடியும், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். வழக்கத்தைவிட நாலு தடவை அதிகமாக வெளிக்குப் போனாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட நிற்கவில்லை என்றாலோ, அது ராத்திரியானாலும் மருத்துவமனைக்குப் போன் செய்ய வேண்டிய நேரம். அடுத்த கேப்சைடபின் வேளையைப் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ருசி திரும்புமா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலானவர்களுக்குத் திரும்புகிறது. கடைசிக் கீமோ முடிந்த சில வாரத்திலிருந்து சில மாதத்துக்குள். ஒரே நாளில் வராது, ஒரே சீராகவும் வராது. தேநீர் தேநீராக இருக்கும், சோறு இன்னும் மண்ணாக இருக்கும், அப்படித்தான் துண்டு துண்டாக வரும். வரும்போது முதலில் உங்கள் சமையலில்தான் குறை கண்டுபிடிப்பார், உப்பு ஒரு கல் கூட என்பார். அந்தக் குறையைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது வாரவாரம் நிறுத்த எடை, ஐஸ்கிரீம் நாளில் நடந்தது, அம்மா நாக்கின் போட்டோ, அந்த மாத்திரை டப்பா, நாலையும் கையோடு கொண்டுபோங்கள். அங்கே டயட்டீஷியன் இருந்தால் அம்மாவைப் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள். டிரிப்ஸ் அறை குளிராக இருக்கும், கையுறையும் கழுத்துக்கு ஒரு துண்டும் ஃபிளாஸ்கில் வெந்நீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.